முதலில் காலி அட்டவணை: அளவுசார் ஆய்வு செய்யப்போகும் மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"முந்நூறு பேரிடம் கூகுள் ஃபார்ம் நிரப்பி வாங்கியாச்சு. இனி என்ன டெஸ்ட் போடணும்?" ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க மூன்று வாரம் இருக்கையில் மாணவர்கள் வந்து கேட்கும் கேள்வி இது. பதில் சொல்வது கஷ்டம். ஃபார்ம் தயாரிப்பதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர் 1938-ல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டுத் தலைமையுரையில் இதையே கொஞ்சம் கடுமையாகச் சொன்னார். சோதனையை முடித்துவிட்டுப் புள்ளியியலாளரிடம் வருவது பெரும்பாலும் பிரேதப் பரிசோதனைக்குக் கொண்டுவருவதைப் போன்றது. எதனால் செத்தது என்று வேண்டுமானால் அவர் சொல்லக்கூடும் என்றார்.

அதனால் இந்த வழிகாட்டியில் டெஸ்ட் (புள்ளியியல் சோதனை) பற்றிய பேச்சு கடைசியில்தான் வரும். வேலையின் பெரும்பகுதி அதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. வழிநெடுக ஒரே உதாரணத்தைக் கையில் வைத்துக்கொள்வோம்: படுக்கையில் போன் பார்ப்பதும் மாணவர்களின் தூக்கமும்.

தலைப்பைக் கேள்வியாக மாற்றுங்கள்

"கைபேசியும் மாணவர் நலனும்" என்பது தலைப்பு. அதை வைத்துக்கொண்டு எதையும் எண்ண முடியாது. "படுத்த பிறகு அதிக நேரம் போன் பார்க்கும் மாணவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகத் தூங்குகிறார்களா?" என்பது கேள்வி. யாரைப் பற்றிக் கேட்கிறோம், எதை அளக்கப்போகிறோம், எதோடு எதை ஒப்பிடுகிறோம் என்ற மூன்றும் அதில் தெரிகின்றன. இந்த மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் நூலகத்துக்குத் திரும்பிப் போய் இன்னும் கொஞ்சம் படிக்க வேண்டும் என்று அர்த்தம்.

எத்தனை, எவ்வளவு, எந்த அளவுக்குத் தொடர்பு, இரண்டில் எது கூடுதல் என்று கேட்கும் கேள்விகளுக்குத்தான் அளவுசார் ஆய்வு. "தூக்கம் வராத இரவை ஒரு மாணவர் எப்படி உணர்கிறார்?" என்று கேட்கப் போகிறீர்களா? அப்படியானால் பண்புசார் முறைக்குப் போங்கள். நேர்காணலில் கிடைக்க வேண்டியதை ஐந்து கட்டங்களுக்குள் திணித்தால் இரண்டும் கெட்டுவிடும்.

மாறிகள்: எதை எப்படி அளக்கப்போகிறோம்

ஆளுக்கு ஆள் மாறக்கூடிய எதுவும் மாறிதான். நம் உதாரணத்தில் போன் பார்க்கும் நேரம் சாரா மாறி (விளைவை உண்டாக்கும் என்று நாம் கருதுவது), தூக்கம் சார்ந்த மாறி (அந்த விளைவு). இது எல்லாருக்கும் தெரியும். தடுக்கி விழும் இடம் அடுத்த படி: "தூக்கம்" என்றால் என்ன? படுத்த நேரத்திலிருந்தா, கண் அயர்ந்த நேரத்திலிருந்தா? வாரநாளா, விடுமுறை நாளா? பகல் தூக்கம் சேருமா? "நேற்று இரவு தூங்கத் தொடங்கியதில் இருந்து காலையில் எழுந்தது வரை, இடையில் விழித்திருந்த நேரம் நீங்கலாக, மணிக்கணக்கில்" என்று எழுதி வைத்துவிட்டால் அதுதான் செயல்முறை வரையறை. உங்கள் வரையறையைப் படித்துவிட்டு வேறொருவர் அளந்தாலும் அதே எண் வர வேண்டும்.

அளவீட்டு மட்டங்கள் நான்கு என்று எஸ். எஸ். ஸ்டீவன்ஸ் 1946-ல் வகுத்தார். படிக்கும் பாடப்பிரிவு வெறும் பெயர். "நன்றாக, சுமாராக, மோசமாக" என்பது வரிசை. வெப்பநிலையைச் செல்சியஸில் சொன்னால் இடைவெளிகள் சமம், ஆனால் பூஜ்யம் என்பது நாமாக வைத்துக்கொண்டது. தூங்கிய மணி நேரத்தில் பூஜ்யம் நிஜமான பூஜ்யம். அதனால் எட்டு மணி நான்கைப் போல இரு மடங்கு என்று சொல்லலாம். எந்த மட்டத்தில் அளக்கிறீர்களோ அதுவே பின்னால் எந்தக் கணக்கு செல்லும் என்பதைத் தீர்மானிக்கிறது. கையில் எண்ணாகவே வாங்க முடிந்ததை வகையாக வாங்காதீர்கள். நிமிடத்தைக் கேட்டுவிட்டால் பிறகு எப்படி வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளலாம்; "குறைவு, அதிகம்" என்று கேட்டு வாங்கியதை மறுபடி நிமிடமாக்க வழியே இல்லை.

கருதுகோள்

டேட்டாவை வைத்துச் சோதிக்கப்போகும் கூற்றுதான் கருதுகோள். இதை இரண்டு வரியில் முடிக்கலாம். இன்மைக் கருதுகோள்: அதிகம் போன் பார்ப்பவர்கள், குறைவாகப் பார்ப்பவர்கள் என்ற இரு குழுக்களின் சராசரித் தூக்கத்தில் வேறுபாடு இல்லை. மாற்றுக் கருதுகோள்: வேறுபாடு உண்டு. டேட்டாவைப் பார்ப்பதற்கு முன் எழுதித் தேதி போட்டு வையுங்கள். பார்த்த பிறகு எழுதினால் அது கருதுகோள் ஆகாது, வேடிக்கை பார்த்தவர் சொல்லும் ஜோசியம்.

காலி அட்டவணை

இப்போது ஒரு தாளை எடுத்து, ஆய்வேட்டின் முடிவுகள் அத்தியாயத்தில் வரப்போகும் அட்டவணையை எண்கள் இல்லாமல் வரையுங்கள்.

| படுக்கையில் போன் பார்த்த நேரம் | எத்தனை பேர் | தூக்கம், சராசரி (மணி) | திட்ட விலக்கம் |
|---|---|---|---|
| 30 நிமிடத்துக்கும் குறைவு | ? | ? | ? |
| 30 நிமிடமோ அதற்கு மேலோ | ? | ? | ? |

(மதிப்புகள் சராசரியில் இருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதன் அளவுதான் திட்ட விலக்கம்.) இந்த நான்கு கட்டம் அகலமுள்ள அட்டவணை செய்யும் வேலை கொஞ்சநஞ்சமில்லை. என்னென்ன கேள்வி கேட்க வேண்டும் என்று அதுவே சொல்கிறது. இரண்டு குழு, ஒரு எண் மாறி என்பதால் எந்த டெஸ்ட் என்பதும் இங்கேயே முடிவாகிவிடுகிறது. வினாப்பட்டியலில் இருந்து எதைத் தூக்கி எறியலாம் என்பதும் தெரியும். தந்தையின் தொழில், மாத வருமானம், பிறந்த வரிசை என்று பழைய ஆய்வேட்டில் இருந்து அப்படியே எடுத்துப் போட்ட பதினைந்து கேள்விகளுக்கு எந்த அட்டவணையிலும் இடமில்லை என்றால் அவற்றுக்கு வினாப்பட்டியலிலும் இடமில்லை. மேற்பார்வையாளரிடம் வினாப்பட்டியலுக்கு முன்னால் இந்தத் தாளைக் காட்டுங்கள். பாதி வாக்குவாதம் அங்கேயே தீர்ந்துவிடும்.

எந்த வகை ஆய்வு?

ஒரே ஒரு முறை சர்வே எடுத்தால் இரண்டும் சேர்ந்து போகின்றனவா என்று சொல்ல முடியும். ஒன்றால் மற்றொன்று விளைகிறது என்று சொல்ல முடியாது. போன் பார்ப்பதால் தூக்கம் குறையலாம். தூக்கம் வராததால் போனை எடுத்திருக்கலாம். தேர்வு பயம் தூக்கத்தையும் கெடுத்து, போனையும் கையில் கொடுத்திருக்கலாம். மூன்று கதைக்கும் சர்வேயில் ஒரே எண்தான் வரும்.

காரணத்தைச் சொல்ல வேண்டுமென்றால் சோதனை முறைதான் சுற்றில்லாத வழி. ஒப்புக்கொண்ட மாணவர்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவினரை மட்டும் இரண்டு வாரம் படுக்கைக்குப் போன் கொண்டுபோகாமல் இருக்கச் சொல்வது அப்படிப்பட்ட சோதனை. குலுக்கிப் பிரிப்பதால் தேர்வு பயம் உள்ளவர்கள் இரு பக்கமும் ஏறக்குறைய சமமாகப் போய்ச் சேர்வார்கள். நீங்கள் நினைத்தே பார்க்காத மற்ற காரணங்களும் அப்படியே. இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வரும். யாரை ஆய்வுக்கு எடுப்பது என்பதில் குலுக்கல் போட்டால், முடிவை முழுத்தொகுதிக்கும், அதாவது நாம் யாரைப் பற்றிப் பேச விரும்புகிறோமோ அவர்கள் எல்லாருக்கும், சொல்லும் உரிமை கிடைக்கிறது. எடுத்தவர்களை எந்தக் குழுவில் போடுவது என்பதில் குலுக்கல் போட்டால், காரணம் சொல்லும் உரிமை கிடைக்கிறது. இவை இரண்டு வேறு உரிமைகள்.

யாரிடம் கேட்பது, எத்தனை பேரிடம்

1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை ஏறத்தாழ ஒரு கோடி பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. லாண்டன் ஜெயிப்பார் என்றது பத்திரிகை. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளிக்கொண்டு போனார். அதே தேர்தலில் கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் கேலப் சுமார் 50,000 பேரை மட்டும் கேட்டு, ஜெயிக்கப்போவது யார் என்பதைச் சரியாகச் சொன்னார். பத்திரிகை தொலைபேசிப் புத்தகத்தையும் கார் பதிவேட்டையும் பார்த்து முகவரி எடுத்திருந்தது. பெருமந்தம் என்ற அந்தக் கடும் பொருளாதார நெருக்கடிக் காலத்தில் போனும் காரும் யார் வீட்டில் இருந்திருக்கும்? போதாக்குறைக்கு, சிரமம் எடுத்துப் பதில் அனுப்பியவர்களும் அனுப்பாதவர்களும் ஒரே மனநிலையில் இருக்கவில்லை.

வாட்ஸ்அப் குழுவில் ஃபார்ம் இணைப்பைத் தட்டிவிடுவதும் இதே சங்கதிதான், அளவு மட்டும் சிறியது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சரி, ஆனால் பானை முழுக்க ஒரே சீராக வெந்திருந்தால்தான் அது செல்லும். மனிதர்கள் அப்படி வேகுவதில்லை.

முறையாகச் செய்வது இப்படி. முதலில் முழுத்தொகுதியை வரையறுங்கள்: ஒரு கல்லூரியின் 1,200 இளநிலை மாணவர்கள் என்று வைப்போம். அவர்களின் பெயர்ப்பட்டியல் உங்கள் மாதிரிச் சட்டகம். எத்தனை பேர் வேண்டும்? விழுக்காட்டை மதிப்பிடும் ஆய்வுக்கு, 95% நம்பிக்கை மட்டத்தில், 5% பிழை எல்லைக்குள் வேண்டுமென்றால் கணக்கு இது:

1.96 × 1.96 × 0.5 × 0.5 ÷ (0.05 × 0.05) = 384.16

இதில் 1.96 என்பது 95% நம்பிக்கைக்கு உரிய எண், 0.5 என்பது விழுக்காடு முன்கூட்டித் தெரியாதபோது வைக்கும் பாதுகாப்பான ஊகம், 0.05 என்பது பிழை எல்லை. அதாவது 385 பேர். முழுத்தொகுதி ஒரு லட்சமானாலும் பத்துக் கோடியானாலும் இந்த எண் ஏறக்குறைய நகராது. முதல்முறை கேட்பவர்கள் இதை நம்பவே மாட்டார்கள். தொகுதி சிறிதாக இருக்கும்போதுதான் திருத்தம் தேவை: 384.16 ÷ (1 + 383.16 ÷ 1200) = 291.2, எனவே 292 பேர். எல்லாரும் பதில் தரமாட்டார்கள். பத்துக்கு எட்டுப் பேர் தருவார்கள் என்று எதிர்பார்த்தால் 292 ÷ 0.8 = 365 பேரையாவது அணுக வேண்டும். 400 பேர் என்று வைத்துக்கொண்டால் வசதி: 1, 2, 3 என்ற எண்களில் ஒன்றைக் குலுக்கி எடுத்து, பட்டியலில் அங்கிருந்து மூன்றுக்கு ஒருவராகப் போகலாம். ஆண்டுவாரியாகச் சரியான விகிதம் வேண்டுமென்றால் பட்டியலை ஆண்டுப்படி பிரித்து ஒவ்வொன்றிலும் இதையே செய்யுங்கள். அது அடுக்கு மாதிரி.

இன்னொன்று. 385 என்பது விழுக்காட்டுக்கான எண், மந்திர எண் இல்லை. இரு குழுக்களை ஒப்பிடும் ஆய்வில் கேட்க வேண்டியது வேறு: எவ்வளவு வேறுபாட்டைக் கண்டுபிடிக்க விரும்புகிறோம்? அரைத் திட்ட விலக்கம் அளவுள்ள வேறுபாட்டை 80% வாய்ப்போடு பிடிக்கக் குழுவுக்கு 64 பேர் தேவை. 0.2 அளவு மெலிசான வேறுபாடு என்றால் குழுவுக்கு ஏறத்தாழ 400 பேர் தேவைப்படும். ஜி-பவர் என்ற இலவச மென்பொருள் இந்தக் கணக்கைப் போட்டுத் தரும்.

பட்டியல் கிடைக்கவில்லை, வகுப்பில் இருந்தவர்களிடம்தான் கேட்க முடிந்தது என்றால் அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. வசதி மாதிரி என்று எழுதிவிடுங்கள். "எளிய வாய்ப்பு மாதிரி" என்று மட்டும் எழுதாதீர்கள்; தேர்வாளர் கேட்கும் முதல் கேள்வியிலேயே அது சாயம் போய்விடும்.

வினாப்பட்டியல்

"நீங்கள் இரவில் அதிகமாகப் போன் பார்த்து, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறீர்களா? ஆம் / இல்லை."

இந்த ஒரு வரியில் எத்தனை ஓட்டை இருக்கிறது பாருங்கள். "அதிகமாக" என்பது ஒருவருக்கு அரை மணி, இன்னொருவருக்கு மூன்று மணி. "இரவில்" என்றால் ஏழு மணிக்குப் பார்த்ததும் சேருமா? இரண்டு கேள்விகள் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. போன் பார்த்தும் நன்றாகத் தூங்குபவர் எதைத் தொடுவார்? "கெடுத்துக்கொள்கிறீர்களா" என்ற சொல் பதிலையும் கையோடு கொடுத்துவிடுகிறது. இதைப் பிரித்து எழுதினால்:

"நேற்று இரவு படுக்கையில் படுத்த பிறகு, தூங்கும்வரை ஏறத்தாழ எத்தனை நிமிடம் போன் பார்த்தீர்கள்? (பார்க்கவில்லை என்றால் 0 என்று எழுதவும்)"

"நேற்று இரவு ஏறத்தாழ எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள்? இன்று காலை எத்தனை மணிக்கு எழுந்தீர்கள்? இடையில் ஏறத்தாழ எத்தனை நிமிடம் விழித்திருந்தீர்கள்?"

தூங்கிய மணியை நீங்களே கழித்துக்கொள்ளலாம். "பொதுவாக" என்று கேட்பதைவிட "நேற்று" என்று கேட்பது நினைவுக்கு எளிது. பதில் சொல்பவர் மனதில் சராசரி போட வேண்டியதில்லை. விடைகளைக் கட்டங்களாகக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் 0–30, 30–60 என்று போடாதீர்கள். 30 நிமிடம் பார்த்தவர் எங்கே போவார்?

மனப்பான்மையை அளக்க ரென்சிஸ் லிக்கர்ட் 1932-ல் அறிமுகப்படுத்திய அளவுகோலைத்தான் இன்றும் எல்லாரும் பயன்படுத்துகிறார்கள்: முற்றிலும் உடன்படுகிறேன் என்பதில் தொடங்கி முற்றிலும் மறுக்கிறேன் என்பது வரை. ஒரு கருத்துக்கு ஒரே ஒரு கூற்றை வைத்து அளக்காதீர்கள், நான்கைந்து வையுங்கள். ஒன்றிரண்டை எதிர்த்திசையில் எழுதினால் படிக்காமல் ஒரே வரிசையில் டிக் அடித்தவர்கள் மாட்டிக்கொள்வார்கள். கூட்டுத்தொகை போடும் முன் அந்தக் கூற்றுகளின் மதிப்பெண்ணைத் திருப்பிப் போட மறந்துவிடாதீர்கள் (5 என்பது 1 ஆகும், 4 என்பது 2).

நம்பகத்தன்மையும் ஏற்புடைமையும் இங்கேதான் வருகின்றன. பத்து நிமிடம் முந்தி ஓடும் கடிகாரம் தினமும் அதே பத்து நிமிடம் முந்தினால் அது நம்பகமானது. ஆனால் மணியைச் சரியாகச் சொல்லவில்லை, அதனால் ஏற்புடையது இல்லை. கூற்றுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க கிரான்பாக் 1951-ல் கொடுத்த ஆல்ஃபாவைக் கணக்கிடுகிறோம், 0.7-க்கு மேல் இருந்தால் போதும் என்பது வழக்கம். கூற்றுகளின் எண்ணிக்கையைக் கூட்டினாலே ஆல்ஃபா ஏறிவிடும் என்பதால் அதைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடவும் வேண்டாம்.

முழு ஆய்வுக்கு இறங்கும் முன் பத்திருபது பேரிடம் முன்சோதனை செய்யுங்கள். அவர்களில் மூன்று நான்கு பேரைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு கேள்வியையும் படித்து என்ன புரிந்துகொண்டார்கள் என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அரை மணியில் தெரிந்துவிடும். நெறிக்குழுவின் அனுமதி, பங்கேற்பவரின் ஒப்புதல், நடுவில் விலகும் உரிமை, பெயர் கேட்காமல் இருத்தல் ஆகிய நான்கும் டேட்டா எடுப்பதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். பின்தேதி போட்டு வாங்குவது ஏமாற்று.

டேட்டாவைத் துலக்குதல்

ஒரு வரிசைக்கு ஒரு ஆள், ஒரு நெடுவரிசைக்கு ஒரு மாறி. ஒரே நெடுவரிசையில் "7", "7 மணி", "ஏழு", "சுமார் 7" என்று நான்கு விதமாக வந்திருக்கும், எல்லாவற்றையும் எண்ணாக்குங்கள். மூலக் கோப்பைத் தொடாமல் தனியாக வைத்துவிட்டு, நகலில் வேலை பாருங்கள். எந்தக் குறியீடு எதைக் குறிக்கிறது என்று ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள்.

இதில் நான் பட்ட ஒரு அவமானம் உண்டு. படிக்கும் காலத்தில், பதில் சொல்லாதவர்களுக்கு 99 என்று குறியீடு போட்டிருந்தேன். 120 பேரில் ஐந்து பேர்தான் அப்படி. மற்ற 115 பேரின் சராசரித் தூக்கம் 7 மணி. மென்பொருளிடம் 99 என்றால் விடுபட்டது என்று சொல்ல மறந்துவிட்டேன். சராசரி 10.83 என்று வந்தது. அதை விளக்குவதற்கு ஒரு பத்தியும் எழுதிவிட்டேன். "உன் ஆட்கள் எல்லாம் கும்பகர்ணனா?" என்று வழிகாட்டி கேட்டபோதுதான் உறைத்தது. ஒவ்வொரு மாறிக்கும் மிகக் குறைந்த மதிப்பையும் மிக அதிக மதிப்பையும் முதலில் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் பிடிபட்டிருக்கும்.

முதலில் கண்ணால் பாருங்கள்

டெஸ்ட்டுக்கு முன் படம். ஃபிரான்சிஸ் அன்ஸ்காம்ப் 1973-ல் நான்கு சிறிய டேட்டா தொகுப்புகளைக் கொடுத்தார். நான்கிலும் சராசரிகள் ஒரே மாதிரி, விலக்கங்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி, ஒட்டுறவு (இரண்டு எண்கள் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்பதன் அளவு) 0.816. படமாக வரைந்தால் ஒன்று சாதாரணச் சிதறல், ஒன்று வளைவு, ஒன்றில் நேர்கோட்டை விட்டு ஒற்றைப் புள்ளி விலகி நிற்கிறது, மற்றொன்றில் ஒற்றைப் புள்ளிதான் மொத்த ஒட்டுறவையும் தாங்கி நிற்கிறது. எண்கள் இதைச் சொல்லவே இல்லை.

சராசரியோடு திட்ட விலக்கத்தையும் கொடுங்கள். ஒரு பக்கம் நீண்டு சாய்ந்த டேட்டாவாக இருந்தால் இடைநிலை அளவே (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் மதிப்பு) நேர்மையானது.

இப்போது டெஸ்ட்

காலி அட்டவணை வரைந்தவர்களுக்கு இது ஐந்து நிமிட வேலை. இரண்டும் வகை மாறிகள் என்றால் கைவர்க்கச் சோதனை (chi-square). இரண்டு குழு, ஒரு எண் மாறி என்றால் டி சோதனை. அதே ஆட்களை முன்னும் பின்னும் அளந்திருந்தால் இணை டி சோதனை. மூன்று குழுவோ அதற்கு மேலோ என்றால் அனோவா. இரண்டும் எண்கள் என்றால் ஒட்டுறவு. பல மாறிகளைச் சேர்த்து ஒன்றைக் கணிக்க வேண்டும் என்றால் தொடர்புப் போக்கு (regression).

கற்பனையாகப் பத்துப் பேரை எடுத்துப் போட்டுப் பார்ப்போம். அதிகம் போன் பார்த்த ஐவரின் தூக்கம் 6, 6.5, 5.5, 7, 6 மணி, சராசரி 6.2. குறைவாகப் பார்த்த ஐவர் 7, 6.5, 7.5, 7, 8 மணி, சராசரி 7.2. இரண்டிலும் திட்ட விலக்கம் 0.57. வேறுபாடு 1 மணி, அதன் திட்டப்பிழை (மாதிரிக்கு மாதிரி அந்த வேறுபாடு எவ்வளவு ஆடக்கூடும் என்பதன் அளவு) 0.361. வேறுபாட்டைத் திட்டப்பிழையால் வகுத்தால் டி மதிப்பு 2.77. பி மதிப்பு ஏறத்தாழ 0.024.

இந்த 0.024 என்ன சொல்கிறது? ஃபிஷர் 1935-ல் எழுதிய தேநீர்ச் சோதனைதான் இதற்கு நல்ல விளக்கம். பால் முதலில் ஊற்றியதா, தேநீர் முதலில் ஊற்றியதா என்று சுவைத்தே சொல்வேன் என்கிறார் ஒரு பெண். எட்டுக் கோப்பை, ஒவ்வொரு வகையிலும் நான்கு. எட்டில் நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழி உண்டு. ஒன்றும் தெரியாமல் குருட்டாம்போக்கில் எடுத்தாலும் 70-ல் ஒரு முறை, அதாவது 0.014 வாய்ப்பில், அத்தனையும் சரியாக அமைந்துவிடும். பி மதிப்பு என்பது அதுதான்: உண்மையில் வேறுபாடே இல்லை என்று வைத்துக்கொண்டால், இந்த அளவோ இதைவிடப் பெரிதோ ஆன வேறுபாடு தற்செயலாக வரும் வாய்ப்பு. "என் கருதுகோள் உண்மையாக இருக்க 97.6% வாய்ப்பு" என்று அதற்குப் பொருள் கிடையாது. வாய்மொழித் தேர்வில் பலர் விழும் குழி இது. அமெரிக்கப் புள்ளியியல் சங்கமே 2016-ல் இதைத் தெளிவுபடுத்தி அறிக்கை விட வேண்டியிருந்தது.

0.05 என்ற கோடும் வானத்தில் இருந்து இறங்கியதில்லை. இருபதில் ஒன்று என்பது வசதியான எல்லை என்று ஃபிஷர் 1925-ல் எழுதியது வழக்கமாகிவிட்டது. எந்தத் தொடர்பும் இல்லாத, ஒன்றையொன்று சாராத இருபது டெஸ்ட்டுகளை ஓட்டினாலும் ஒன்றாவது 0.05-க்குக் கீழே வரும் வாய்ப்பு 64%. கிடைத்த மாறிகளை எல்லாம் ஒன்றோடொன்று மோதவிட்டு, ஜெயித்ததை மட்டும் எழுதுபவர்கள் இந்த 64%-ஐத்தான் அறுவடை செய்கிறார்கள்.

பி மதிப்போடு நிறுத்தாமல் நம்பிக்கை இடைவெளியையும் (டேட்டாவோடு ஒத்துப்போகும் மதிப்புகளின் எல்லை) விளைவு அளவையும் (வேறுபாட்டைத் திட்ட விலக்கத்தால் வகுத்தது) கொடுங்கள். நம் பத்துப் பேர் உதாரணத்தில் 95% இடைவெளி 0.17 முதல் 1.83 மணி வரை. பத்து நிமிடமாகவும் இருக்கலாம், ஒன்றே முக்கால் மணிக்கு மேலாகவும் இருக்கலாம். பத்துப் பேரை வைத்து அவ்வளவுதான் சொல்ல முடியும். விளைவு அளவு 1.75 என்று வருகிறது. ஜேக்கப் கோஹன் வகுத்தபடி 0.8-ஏ பெரியது என்பதால் இது மிகப் பெரியது. நிஜ ஆய்வில் இப்படி ஒரு எண் வந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் டேட்டாவை இன்னொரு முறை சரிபாருங்கள்.

எழுதும்போது

"முடிவுகள்" அத்தியாயத்தில் எண்களை மட்டும் எழுதுங்கள், ஏன் என்பதை "விவாதம்" அத்தியாயத்துக்கு விடுங்கள். "குறைவாகப் போன் பார்த்தவர்கள் சராசரியாக 1 மணி கூடுதலாகத் தூங்கினர் (டி = 2.77, டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் 8, பி = 0.024)" என்று வேறுபாட்டை முன்னாலும் சோதனை எண்களைப் பின்னாலும் வையுங்கள் (டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் என்பது இங்கே மொத்தப் பத்துப் பேரில் இருந்து இரண்டு குழுக்களைக் கழித்தது). சர்வேயை வைத்துக்கொண்டு "பாதிக்கிறது", "காரணமாகிறது" போன்ற வினைகளைப் பயன்படுத்தவில்லையே என்று கோப்பு முழுக்கத் தேடிப் பாருங்கள். "தொடர்புடையது" என்று மாற்றுங்கள். எத்தனை பேரை அணுகினீர்கள், எத்தனை பேர் மறுத்தார்கள், எத்தனை பதில்களை ஏன் நீக்கினீர்கள் என்பதை ஒரு வரியும் விடாமல் எழுதுங்கள். கருதுகோள் நிறுவப்படவில்லை என்றால் அதையும் அப்படியே எழுதலாம், மதிப்பெண் குறையாது. கடைசியாக, முதல் நாள் வரைந்த அந்தக் காலி அட்டவணையை எடுத்து, நிரம்பிய அட்டவணைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடையில் ஏதாவது நெடுவரிசை முளைத்திருந்தாலோ காணாமல் போயிருந்தாலோ, அது ஏன் என்று முறையியல் அத்தியாயத்தில் ஒரு பத்தி சேர்க்க வேண்டியிருக்கும்.